சிக்னலில் ஆடும் கண்ணாடி

நாச்சாரம் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பேர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சிக்னல்ல நின்னா, உன் கார்ல பின்னாடி பாக்கற கண்ணாடி ஆடுதுன்னியே, சரியாச்சா?"

"ஆச்சு. கண்ணாடியை மாத்தியும் ஆடிச்சு. கடைசில பாத்தா என்ஜினைத் தாங்கற ரப்பர் மவுண்ட் போயிருந்தது."

"ஆமா, டீசல் வண்டில முதல்ல அதைத்தான் பாக்கணும். அப்புறம் ஏன்டா பஸ்ல வர்றே?"

"வண்டில என் வொய்ஃப் எங்க அப்பாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா. மவுண்ட் மாத்தின அன்னிக்கு அவர் பின்சீட்ல இருந்தார். மல்காஜ்கிரி சிக்னல்ல கண்ணாடி அசையவே இல்லை. அதுல தெரிஞ்ச அவர் தலை மட்டும் ஆடிட்டே இருந்தது. இத்தனை நாள் அதையும் கண்ணாடி ஆட்டம்னே நினைச்சிருந்தேன்."



"வீட்ல கவனிக்கலையா?"

"நான் அவர் மூஞ்சியைப் பாக்கறதே அந்தக் கண்ணாடிலதானேடா."