அட்டையில் இல்லாத முகம்

அக்கா: ...முகம் எங்கடா?

தம்பி: எந்த முகம்?

அக்கா: விளையாடாத. ஒரு பொண்ணைப் பத்தின நாவல். அட்டையில ஒரு ரயில் ஜன்னல் இருக்கு, கம்பியைப் பிடிச்ச ஒரு கை இருக்கு. மீதிப் பொண்ணு எங்க?

தம்பி: ரயிலுக்குள்ள உக்காந்திருக்கா.

அக்கா: கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொல்லு. பன்னெண்டு மணிக்குள்ள அட்டையை அனுப்பலைன்னா அச்சகத்துல அடுத்தவங்க வேலையை ஏத்திடுவாங்க.

தம்பி: மணி பத்தரைதான் ஆகுது. டீயை நகர்த்து, படத்து மேல கொட்டப்போகுது.

அக்கா: நான் கேட்டது என்ன? ரெட்டைச் சடை, சிரிச்ச முகம், மேல ரெண்டு பட்டாம்பூச்சி.

தம்பி: அதையும் போட்டுத்தான் கொண்டு வந்திருக்கேன். அடியில இருக்கு.

அக்கா: அப்போ அதை எடு. பேச்சே வேண்டாம்.

தம்பி: அக்கா, நீ இந்த நாவலை முழுசாப் படிச்சியா?

அக்கா: பதிப்பாளரைப் பார்த்துக் கேக்குற கேள்வியா இது? மூணு தடவை பிழை திருத்தியிருக்கேன்.

தம்பி: சரி, அவ முதல் தடவையா எந்தப் பக்கத்துல சிரிக்கிறா?

அக்கா: இரு, புரட்டிப் பார்த்துச் சொல்றேன்.

தம்பி: நூத்தி நாப்பத்திரெண்டு. அதுவரைக்கும், வீட்டை விட்டுப் போன அண்ணனைத் தேடி, டிக்கெட் இல்லாம, தனியா ரயில்ல போய்க்கிட்டு இருக்கா. அவ தலைக்கு மேல பட்டாம்பூச்சியை நான் எங்கேருந்து பறக்க விடறது?

அக்கா: பட்டாம்பூச்சி வேணாம். முகமாவது...

தம்பி: அந்தக் கையைப் பாரு.

அக்கா: பார்த்தேன். நகத்தையெல்லாம் கடிச்சு வச்சிருக்கா.

தம்பி: ம்.

அக்கா: கம்பியை இறுக்கிப் பிடிச்சதுல விரல் கணுவெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.

தம்பி: எப்படி உக்காந்திருப்பா சொல்லு?

அக்கா: பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியாம அழுகையை அடக்கிக்கிட்டு.

தம்பி: அதை நான் வரையவே இல்ல. நீயா பார்த்துக்கிட்ட.

அக்கா: வாய் ஜாஸ்தி உனக்கு. நான் நாப்பத்தாறு வயசுக்காரி, நின்னு பார்ப்பேன். பன்னெண்டு வயசுப் பிள்ளை கடையில நின்னு நகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்குமா? எழுதினவளுக்கு இது முதல் நாவல்டா. அட்டை சரியில்லாம இது அலமாரியிலேயே தூங்கிப்போச்சுன்னா, அவ ரெண்டாவது எழுதவே மாட்டா.

தம்பி: எழுந்திரு.

அக்கா: எதுக்கு?

தம்பி: அந்தக் கதவுகிட்டப் போய் நில்லு. இன்னும் தள்ளி. ரெண்டு அட்டையையும் நான் தூக்கிப் பிடிக்கிறேன். முதல்ல எது கண்ணுல படுது?

அக்கா: ...மஞ்சள்.

தம்பி: ரயில் பெட்டி முழுக்கக் கடுகு மஞ்சள், ஜன்னல் மட்டும் கறுப்பு. அந்த மஞ்சள் கிடைக்க நாலு நாள் ஆச்சு. போன்ல கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் ஜன்னல் ஜன்னலாவேதான் தெரியும். உன் ரெட்டைச் சடையைச் சுருக்கினா என்ன ஆகும் தெரியுமா?

அக்கா: என்ன ஆகும்?

தம்பி: கரப்பான்பூச்சி மீசை.

அக்கா: சண்டாளா. இனிமே எனக்கு அப்படித்தான் தெரியும்.

தம்பி: அதுக்குத்தானே சொன்னேன்.

அக்கா: இருந்தாலும் விக்கிறது என்னவோ பட்டாம்பூச்சிதாண்டா. போன வருஷம் போட்டோமே, மலையேறுற பொண்ணு கதை. அதுவும் பட்டாம்பூச்சி அட்டைதான். ரெண்டாம் பதிப்பும் முடியப்போகுது.

தம்பி: வாங்கினது யாரு? அப்பா அம்மா. பிள்ளைங்க அதை என்ன பண்ணிச்சுன்னு தெரியுமா உனக்கு?

அக்கா: வேறென்ன, படிச்சிருக்கும்.

தம்பி: படிச்சுது, ஆனா...

அக்கா: என்னடா இழுக்கிறே?

தம்பி: ஒரு பொண்ணைப் பார்த்தேன். நூலகத்துல. பதிமூணு வயசு இருக்கும். அந்த மலைக் கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தா. மேல பழுப்புத் தாள்ல அட்டை போட்டு வச்சிருந்தா.

அக்கா: பழுப்புத் தாள்லயா?

தம்பி: பாடப் புத்தகத்துக்குப் போடுற மாதிரி. எதுக்குன்னு கேட்டேன். முதல்ல மழுப்பினா.

அக்கா: அப்புறம்?

தம்பி: கதை ரொம்பப் பிடிச்சிருக்கு, மூணு தடவை படிச்சுட்டேன்னா. ஆனா அட்டையைப் பார்த்துட்டு, 'இன்னும் பாப்பா புக்கா படிக்கிறே'ன்னு வகுப்புல சிரிக்கிறாங்களாம். அதான் மூடிட்டேன்னா. அந்த அட்டையை வரைஞ்சது நான்க்கா. நீ சொன்னே, நான் போட்டேன். அன்னிக்கு அவ முன்னாடி எனக்குத் தலை நிமிரலை.

அக்கா: எந்த நூலகம்?

தம்பி: அது... பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கே.

அக்கா: அது ரெண்டு மாசமாப் பூட்டித்தானே கிடக்கு?

தம்பி: பூட்டுறதுக்கு முன்னாடி பார்த்திருப்பேன்.

அக்கா: ஓ... அந்தப் பொண்ணு கண்ணாடி போட்டிருந்தாளா?

தம்பி: அதையெல்லாம் யாரு கவனிச்சா?

அக்கா: கடிச்ச நகத்தைக்கூட விடாம வரையிறவன், கண்ணாடியைக் கவனிக்கலையாக்கும்.

தம்பி: பேச்சை மாத்தாத. அட்டைக்கு என்ன சொல்ற?

அக்கா: பேனாவைக் குடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: கையெழுத்துப் போடத்தான். மஞ்சளே போகட்டும். தலைப்பை மட்டும் கீழ இறக்கு, கம்பி மேல இடிக்குது.

தம்பி: இடிக்கணும்னுதான் அப்படி...

அக்கா: இறக்குடா. இதுல உன் பேச்சைக் கேக்கமாட்டேன்.

தம்பி: சரி சரி, இறக்கிடறேன். கால் மணி நேர வேலை.

அக்கா: அச்சகத்துக்கு நானே போன் பண்ணிடறேன். அப்புறம், அந்த மலைக் கதைக்கும் புதுசா ஒண்ணு போடு. மூணாம் பதிப்பு வேற அட்டையோட வரட்டும்.

தம்பி: என்னக்கா இது? பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் உன்னோட மல்லுக்கட்டணும்னு மதியச் சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கேன். இவ்வளவு சீக்கிரம் எப்படி இறங்கி வந்தே?

அக்கா: அந்தப் பழுப்புத் தாளை மடிச்சு ஒட்டிக் குடுத்ததே நான்தாண்டா. 'அழுக்காயிடும்மா, அட்டை போட்டுக் குடு'ன்னு வந்து நின்னா. அம்மா போட்ட புத்தகத்தை எம்பொண்ணு எவ்வளவு பத்திரமா வச்சுக்கிறா பாருங்கன்னு ஒரு வாரம் இந்த ஆபீஸ் முழுக்கப் பெருமையடிச்சேன்... அம்மாகிட்டச் சொல்லாதீங்க மாமான்னு உன்கிட்டச் சத்தியம் வாங்கியிருப்பா. நீ எதுவும் சொல்லலை. எனக்கும் எதுவும் தெரியாது. போய்த் தலைப்பை இறக்கு.