கூட்டிக்கொண்ட இருநூறு மீட்டர்

என் வயது ஐம்பத்திரண்டு. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, அதன் மாடியிலேயே மனைவியுடன் குடியிருக்கிறேன். இன்ஜின் இல்லாத விமானம் ஓட்டும் கிளைடர் கிளப்பில் என்னைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். என் மனைவி அதே கிளப்பில் கருவிகளைப் பார்க்கும் மெக்கானிக். என் கிளைடர் பிறர் வயலில் இறங்கியதற்கு அவள் பார்த்த கருவிதான் காரணம் என்று கிளப் செயலாளர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அவளை வேலையிலிருந்து நிறுத்தப் போவதாகவும் அறிந்து, நானாகவே நேரம் கேட்டு கிளப் விசாரணைக் குழு முன் வந்து சொல்வதாவது:

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஃப்ளைட் கம்ப்யூட்டர் வாங்க இருவரும் போனோம். எனக்குக் கலர் திரை வைத்த பெரியது பிடித்தது. அவள் இரண்டு மாடல்களை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தாள். கலர் திரையில் என் முகம்தான் தெரிந்தது. "இந்த மூஞ்சியைப் பாக்க மேல வேற போகணுமா?" என்று சொல்லி, கறுப்பு வெள்ளைச் சின்னதை வாங்கினாள்.

இருக்கும் உயரத்திலிருந்து நேராகத் திரும்பினால் கிளப் மைதானத்துக்கு மேல் எத்தனை மீட்டர் மிச்சத்தோடு வந்து சேர்வோம் என்று அது காட்டும். பத்திரத்துக்காக அவள் அதில் இருநூறு மீட்டர் குறைத்துக் காட்டும்படி வைத்திருந்தாள். அது தெரிந்து நான் மனதுக்குள் இருநூறைக் கூட்டிக்கொள்வேன். எங்கள் வீட்டுக் கடிகாரமும் இப்படித்தான். பதினைந்து நிமிடம் முன்னால் ஓடும். கீழே "சரியான நேரம்" என்று அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

சென்ற ஞாயிறு காலை அவள், "எப்படியும் கூட்டத்தானே போறீங்க? அந்த இருநூறை எடுத்துட்டேன். இனிமே உள்ளதை உள்ளபடிதான் காட்டும்" என்றாள். கருவியின் கீழே "சரியான உயரம்" என்று சீட்டும் ஒட்டியிருந்தாள். யார் காதில் பூ சுற்றுகிறாள் என்று சிரித்துக்கொண்டே ஏறினேன்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் பறந்தேன். அப்படியொரு நாள் வாய்த்தது என் பாக்கியம், அதை மறைப்பானேன். திரும்பும்போது கருவி மைனஸ் நூற்றிருபது காட்டியது. அப்படியானால் எண்பது மிச்சம் என்று கணக்குப் போட்டு, ஏறுகாற்றில் இன்னும் மேலேற வழியிருந்தும் ஏறாமல் நேராக வந்தேன். மைதானம் எட்டவில்லை. வழியிலுள்ள ஆற்றுக்கு அந்தப் பக்கமே, அறுவடை முடிந்த வயலில் இறக்கினேன். வேலிக் கம்பி மூன்று அறுந்தது. அதன் பிறகு வயல்காரர் ஓடிவந்து முதலில் திட்டினார், பிறகு தண்ணீர் கொடுத்தார். வேலியை நானே இழுத்துக் கட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு என் மனைவி கிளைடரை ஏற்றிப்போக டிரெய்லருடன் வந்து, அடிபட்டிருக்கிறதா என்று என் கைகால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டைப் பிய்த்து என் சட்டைப் பையில் வைத்தாள். சீட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கருவியில் தவறில்லை, அவளிடமும் இல்லை. தவறு என் கூட்டலில். அவள் வேலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது.

இன்று பத்து மணிக்கு வரச் சொல்லியும் பத்தேகாலுக்கு வந்த காரணம் கேட்கப்பட்டது. வீட்டுக் கடிகாரத்தை அவள் நேற்றுச் சரிசெய்துவிட்டாள். என்னிடம் சொல்லவும் சொன்னாள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது, கூட்டாமல் குறைக்காமல், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்