ஒரே கை தொட்ட இரண்டு என்ஜின்கள்

எனக்கு வயது நாற்பத்தெட்டு. அணுமின் நிலையக் குடியிருப்பின் கடைசித் தெருவில், மாடி வீட்டில் வசித்து வந்தேன். நிலையத்தில் பெரும் விபத்து நேரும் வாய்ப்பைக் கணக்கிடும் பிரிவில் பணிபுரிகிறேன். இவ்வழக்கில் கைதாகியுள்ள டீசல் மெக்கானிக் என் உடன்பிறந்த தம்பி. தவறு அவனுடையதா என்று என்னிடம் கேட்கப்பட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெளி மின்சாரம் நின்றுபோனால் உலையைக் குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட நிலையத்தில் இரண்டு டீசல் என்ஜின்கள் உள்ளன. ஒன்று ஓடாமல் போவது அரிது, இரண்டுமே ஓடாமல் போவது அரிதிலும் அரிது என்று கொண்டு, ஒன்றின் வாய்ப்பை மற்றதன் வாய்ப்பால் பெருக்குவது எங்கள் பிரிவின் வழக்கம். ஆனால் இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே ஆள்தான் ஃபில்டர் மாற்றி வந்தார். ஒன்றில் கை தவறினால் மற்றதிலும் தவறும், ஆகவே பெருக்கக் கூடாது, ஆளையும் நாளையும் பிரிக்க வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். "கூடப் பொறந்த தம்பியையே நம்பலன்னா, வேற யாரத்தான் மேடம் நம்புவீங்க?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு மறுபடியும் சொன்னேன். ஆள் பற்றாக்குறை என்றார்கள்.

சம்பவத்துக்கு முந்தைய நாள் தம்பி இரண்டுக்கும் ஃபில்டர் மாற்றிவிட்டு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நான் அதே பேச்சை எடுத்தேன். "கணக்குப் போட்டுப் போட்டு உனக்குக் கயிறெல்லாம் பாம்பாத் தெரியுதுக்கா. ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். பேசாம சோத்தப் போடு" என்றான். அவனுக்குக் காய்ச்சல் இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை சூறைக்காற்றில் வெளி மின்கம்பி அறுந்தது. இரண்டு என்ஜின்களும் உடனே ஓடின. என்ஜின்களுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய தொட்டிகளில் இருந்த டீசல் தீர்ந்ததும், அடுத்தடுத்து நின்றன. அவற்றுக்கு டீசல் அனுப்பும் பெரிய தொட்டியில், ஃபில்டர் மாற்றும்போது மூடிய வால்வுகள் இரண்டும் திறக்கப்படாமலே இருந்தன. தம்பி தன் வீட்டிலிருந்து ஓடி வந்து அவற்றைத் திறந்து, குழாய்களில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, என்ஜின்களை ஓட வைத்தான். அதற்குள் உலையில் தண்ணீர் மட்டம் இறங்கி, அணு எரிபொருளில் ஒரு பகுதி உருகிவிட்டிருந்தது. அதன் பிறகு குடியிருப்பில் இருந்தவர்களைப் பேருந்துகளிலும் தம்பியைப் போலீஸ் வண்டியிலும் ஏற்றினார்கள். "ரெண்டையும் நாந்தாங்கா மூடினேன்" என்று மட்டும் சொன்னான். கை கழுவ அவனுக்கு நேரம் தரப்படவில்லை. மேலாளர் எங்கள் பேருந்தில் ஏறி, என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாவும் உண்மை.

(ஒப்பம்)