புகையில்லா அடுப்பு

கவாத்துக் குச்சி நின்று எரியும் ஐயா. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய பிறகு எஸ்டேட் பெண்கள் அதைத்தான் கட்டுக்கட்டாக வீட்டுக்குச் சுமந்து போவார்கள். அதையே பொடித்து அழுத்திக் கட்டியாக்கினால் மாற்று எரிசக்தி என்று பெயர். அதைக் கண்டுபிடிக்க இரண்டு பல்கலைக்கழகங்கள் கைகோத்தன. ஒன்று நம்முடையது, இன்னொன்று வெளிநாட்டில்.

வந்தவர்கள் கொழுந்துக் கூடையை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். வர்க்கி தின்றார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தலைமை, பேராசிரியர் செந்தில்நாதன். நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவன், அவருடைய உதவியாளன். அரவேணுப் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீடுகளில் அந்தக் கட்டியை எரிக்கும் புகையில்லா அடுப்பைக் கொடுத்து, அறை எவ்வளவு சூடாகிறது என்று அளப்பது என் வேலை.

முதல் அடுப்பை அங்கிருந்த என் வீட்டில்தான் வைத்தேன். என் மனைவி ராஜப்ரியா சிரித்தாள்.

"ஏனுங்க, உங்க அடுப்பு உங்களை மாதிரியேதானுங்க. புகையறதில்ல, தலைவலி மட்டும் குடுக்குது."

தலைவலியைப் பேராசிரியரிடம் சொன்னேன்.

"அது மலைக்குளுருப்பா. புகையே இல்லைங்கறேன், தலைவலி எங்கிருந்து வரும்?"

பேராசிரியர் சொன்னால் தலைவலியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆடி மழையில் ஒரு நாள் அவள் காய்ச்சல் என்று லீவு போட்டு, அடுப்பருகே படுத்திருந்தாள். மாலை நான் திரும்பியபோது அடுப்பில் இன்னும் சூடு இருந்தது. அவளிடம் இல்லை.

அறிக்கையைப் பேராசிரியர் என் எதிரில்தான் எழுதினார். 'கார்பன் மோனாக்சைடு. பயனரின் கவனக்குறைவு. ஜன்னல் சாத்தப்பட்டிருந்தது.' எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தத் தாளில் அவள் பயனர்.

போன வாரம் குன்னூர் விருந்தினர் மாளிகையில் தங்கினோம். வெளிநாட்டுக்காரர்கள் மாலையில் வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் படும்படி அடுப்பு அவருடைய அறையிலேயே எரிய வேண்டுமாம். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

"சசி, ஜன்னலை நல்லாத் தொறந்து வெச்சுட்டுப் போ. இந்தச் சனியனை நம்ப முடியாது."

ஆக, அவருக்குத் தெரிந்தே இருந்தது. அடுப்பு எரிந்தால் அவர் தலை வலிக்கும். லைன் வீட்டுத் தலைகளுக்கு மட்டும் மலைக்குளிர்.

குறட்டை கேட்ட பிறகு உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். கதவை வெளியே தாழிட்டேன். காவலாளி ஆறுக்குட்டி தட்டோடு வந்தார்.

"சாருக்கு டீ கொண்டு போகட்டுங்களா?"

"அவங்கெல்லாம் வர்ற வரைக்கும் எழுப்ப வேண்டாம்னாருங்க."

வராந்தாவில் உட்கார்ந்து அந்த டீயை நான் குடித்தேன். குறட்டை நின்ற பிறகு தாழை எடுத்தேன். விருந்தாளிகள் வந்து கதவைத் திறந்தபோது அடுப்பு அழகாக எரிந்துகொண்டிருந்தது. புகையே இல்லை. பேராசிரியர் எழுந்திருக்கவில்லை.

நீங்கள் கேட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ராஜப்ரியா கவனக்குறைவானவள் அல்ல. அன்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுத்தாள். வேலைக்குக் கிளம்பும்போது சாத்தியது நான். திறந்திருந்தால் அறையின் சூடு குறைவாகப் பதிவாகும். கட்டுரையில் என் பெயரும் வருவதாக இருந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அதனால் சத்தமில்லாமல்தான் சாத்தினேன்.

அது ஆராய்ச்சி ஐயா. செந்தில்நாதனுடையதை மட்டும் கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள்.