சவரிராயான்னா என்ன அர்த்தம்

அதத்தான் கேக்கறீங்களா? கோயில், காலேஜ், மழைன்னு சுத்தி வளைச்சுப் பேசும்போதே நெனச்சேன். கேளுங்க அமிர்தராஜ் சார். ஞாயித்துக்கெழம அமிர்தராஜுக்கும் லூர்துராணிக்கும் கல்யாணம்னு பூசையில ஓலை வாசிக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி கேட்டுடறது நல்லதுதான். அம்மா உள்ள பஜ்ஜி போடறாங்க, எண்ணெய்ச் சத்தத்துல நம்ம பேச்சு கேக்காது.

ஆமா, காலேஜ் ராக் பேண்டுல பாடினேன். சவரிராயா சவரிராயான்னு மைக்குல கத்தினதும் நான்தான். யாரு அந்தச் சவரிராயன்னு உங்க ஃப்ரெண்டு கொளுத்திப் போட்டுட்டாராக்கும்.

ஆனா போன மாசம் ஸ்ரீரங்கத்துல பேசினீங்களே, பின்நவீனத்துவம்னு. கடைசி வரிசையில நானும் இருந்தேன். மாப்பிள்ளையப் பாத்துட்டு வரலாம்னுதான். பாட்டுக்குன்னு தனியா அர்த்தம் கெடையாது, கேக்கறவன் வைக்கறதுதான் அர்த்தம், ராக் பாட்டுல அதுகூட இல்ல, வெறும் சத்தம்னீங்க. எங்க பாலக்கரைக்கு நவீனமே இன்னும் வந்து சேரல, நீங்க அதுக்குப் பின்னாடியே போயிட்டீங்க. அப்படிப் பேசினவரு இப்ப ஒத்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருக்கீங்க. ஃபேன் போடவா?

அப்பாடா, சிரிச்சீங்களே. சொல்றேன். அது கேசட்டக் கேட்டுப் புடிச்ச இங்கிலீஷ் பாட்டு. பல கை மாறித் தேஞ்ச கேசட்டு. ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டாலும் அந்த எடத்துல மட்டும் அந்த ஆளு என்ன சொல்றான்னே வெளங்கல. எனக்குச் சவரிராயான்னு கேட்டுச்சு, அப்படியே பாடிட்டேன். ஹாலே சேந்து கத்துச்சு. எங்கப்பா அதப் புனித சவேரியார் மேல பாட்டுன்னு நெனச்சு சந்தோஷப்பட்டாரு. நெசமாத்தாங்க.

அப்பறம் எங்க கீபோர்டு வஹீதா, பாட்டுப் புஸ்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. பாத்தா, சாரி சாரின்னு எவகிட்டயோ மன்னிப்புக் கேக்கறான், அவ்வளவுதான். தெரிஞ்சப்பறமும் நான் மாத்தலைங்க.

ஏன்னா எங்க டிரம்ஸ்காரன் பேரு சவரிராயன். அவனத்தான் கூப்பிட்டேன். ரொம்பப் புடிச்சிருந்துச்சு அவன. நேர்ல பேரச் சொல்ல வாய் வராது, மைக்குன்னா வந்துரும். பாட்டுத்தானேன்னு யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க பாருங்க.

பயப்படாதீங்க, அவன் துபாய் போயிக் கல்யாணமும் பண்ணிக்கிட்டான். கடைசி வரைக்கும் அவனுக்குத் தெரியாது. என்னடா உம் பேரு மாதிரி இருக்கேன்னு கேட்டவங்ககிட்டல்லாம், இது அமெரிக்காக்காரன் கொச்சை, உங்களுக்குப் புரியாதுன்னு வெளக்கம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.

அம்மா வராங்க, கையில தட்டோட. பஜ்ஜிய எடுத்துக்கங்க. ஓலை வாசிக்கலாமா வேணாமான்னு நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு தெரியணுங்க. நான் கூப்பிட்டா, உங்களுக்காவது காதுல விழுமா?