வானம் கருப்பா இருக்கோணும்

— இதென்ன மயிலா, வானமா? இல்ல சாம்பிராணிப் பொகையா?

— வானந்தானுங்க.

— கெரகம்! எந்த ஊர்ல வானம் இத்தன வெளுப்பா இருக்குது?

— நம்ம தாராபுரத்துத் தோட்டத்துலதானுங்க. போன அமாவாசைக்கு எடுத்த ஆண்ட்ரோமீடா. கேமராவ மாட்டி உட்டுப்போட்டு நீங்க சாளைக்குள்ள போய்ப் படுத்துட்டீங்க. நான் டெலஸ்கோப்புல கண்ண வெச்சு, உள்ள இருக்கற குறுக்குக் கம்பிக்கு நடுவால நட்சத்திரம் நகராமப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அந்த நெகட்டிவ்தானுங்க இது.

— எந்த நெகட்டிவுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? பிரிண்டு போட்ட கை யாரோடதுன்னு கேக்கறேன்.

— என்றதுதானுங்க. நீங்க பட்டறைக்குப் போனப்ப ரெண்டாம் நம்பர் பேப்பர்ல போட்டுப் பாத்தேன்.

— என்றகிட்டக் கேக்காம.

— கேட்டா வேண்டாம்பீங்க. நாலாம் நம்பர் பேப்பர்ல போட்டா கருப்பும் வெள்ளையும் மட்டுந்தான் நிக்குதுங்க. நடுவால இருக்கறதெல்லாம் செத்துப் போவுது. இதுல பாருங்க, கேலக்ஸியோட ஓரத்துக் கை எம்புட்டுத் தூரம் நீண்டு போவுதுன்னு. மெல்லிசா, தண்ணியில பால் கலந்தாப்புல.

— எங்க?

— இங்கீங்க. என்ற வெரலுக்குக் கீழ.

— அது கையி இல்ல அம்மிணி, அழுக்கு. நீ மருந்துத் தட்டக் கழுவற லட்சணம். உனக்கு எல்லாமே மசமசன்னு இருக்கோணும். நீ வெக்கற ரசமும் அப்படித்தான், உங்கப்பன் பேசற பேச்சும் அப்படித்தான்.

— எங்கப்பாவ எதுக்குங்க இழுக்கறீங்க?

— அவரு பொண்ணுதான நீயி? இங்க பாரு. ராத்திரின்னா கருப்பு. மை மாதிரி இருக்கோணும். அதுல வைரத்த வாரி எறைச்சாப்புல நட்சத்திரம் தெறிக்கோணும். நடுவால கேலக்ஸி சும்மா கத்தியாட்டம் நிக்கோணும். பாக்கறவன் ஒரு எட்டு பின்னால போவோணும். அதுதான் படம்.

— அது உங்க ருசிங்க.

— ருசியா? ருசி சோத்துல பாக்கறது. இது எனக்குத் தெரிஞ்ச தொழிலு. வால்நட்சத்திரம் வந்த வருசம் ஊரே நம்ம மொட்டமாடியில நின்னுச்சே, மறந்துட்டியா? நான் போட்ட படத்தத்தான் பேப்பர்க்காரன் கேட்டு வாங்கிட்டுப் போனான். பம்புசெட் பண்றவன் அழகிரிசாமி, அவனுக்கு வானத்தப் பத்தி என்ன தெரியும்னு சொன்னவனெல்லாம் அன்னைக்கு வாய மூடிட்டான்.

— அந்தப் படம் நல்லா இருந்துச்சுங்க. அதுல வானம் இத்தன கருப்பு இல்லைங்களே.

— அப்ப மருந்து நல்லா இருந்துச்சு. இப்ப நீ கலக்கறது என்ன கெரகமோ, எத்தன கருக்குனாலும் மேல ஒரு சாம்பல் படிஞ்சாப்புலயே இருக்குது. போக மாட்டீங்குது.

— அளவெல்லாம் அதேதானுங்க.

— அப்பப் பேப்பரச் சரியாக் கழுவறதில்ல. எங்கயோ தப்புப் பண்ற. அந்த டியூப்லைட்டப் போட்டு உடு.

— போட்டுத்தானுங்க இருக்குது.

— வோல்டேஜ் இல்லையாட்ட இருக்குது. சரி, பொழுதோட நம்ம வானியல் சங்கத்துச் சென்னியப்பன் வாரான். படத்தையெல்லாம் எடுத்துட்டுப் போயி பிரேமுக்குக் குடுக்கோணும். நாளைக்குக் காலேஜ்ல கண்காட்சி. மெட்ராஸ்ல இருந்து பெரிய பெரிய ஆளுக வாராங்க.

— அதனாலதான் சொல்றனுங்க. பத்துப் படத்துல இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்.

— என்ற பேரப் போட்டு இத மாட்டுனா, அழகிரிசாமி ஊட்டுல அடுப்புப் பொகையுதுன்னு சிரிப்பாங்க.

— என்ற பேரப் போட்டுக்கலாங்க.

— உன்ற பேரா?

— ஏனுங்க, போடக் கூடாதுங்களா?

— மயிலாத்தாள். ஆண்ட்ரோமீடா கேலக்ஸி. படம் புடிச்சது மயிலாத்தாள். கறவ மாட்டுப் போட்டிக்கு வேணும்னா அந்தப் பேரு பொருந்தும் கண்ணு. நட்சத்திரத்தப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா அது உன்ற படமாயிருமா? லாரிக்குக் கல்லு வெக்கறவன் டிரைவரா? அந்த வேலைக்கு மோட்டார் ஒண்ணு வருதாம். அது வந்துபோட்டா நீ நிம்மதியா அடுப்படிக்குப் போயிக்கலாம்.

— சரியுங்க.

— அத இக்கட்டால, என்ற கையில குடு.

— எதுக்குங்க?

— குடுன்னா குடு.

— ஏனுங்க, வேண்டாங்க. பத்திரமா உள்ள வெச்சுக்கறேன். யாருகிட்டயும் காட்டலைங்க. கிழிக்காதீங்க... ஏனுங்க!

— கிழிச்சாச்சு. இனி மத்ததப் பாக்கலாம். எடு ஒவ்வொண்ணா.

— இது எம் முப்பத்திமூணு கேலக்ஸிங்க.

— பரவால்ல. இன்னும் கருக்கியிருக்கலாம். அடுத்தது.

— இது தொப்பிக் கேலக்ஸிங்க.

— சாம்பல். இதுலயும் சாம்பல். உன்ற கையில எதக் குடுத்தாலும் சாம்பலாத்தான் வருது. வேற இல்லையா?

— இன்னும் ஒண்ணு கெடக்குதுங்க. நேத்து நீங்க போட்டு வெச்ச கட்டுக்கு அடியில இருந்துச்சு. இந்தாங்க.

— ம்... அட.

— எப்படிங்க இருக்குது?

— இது! இதுதான் மயிலா வானம்! இத எப்பப் போட்டன்னே எனக்கு நெனப்பில்ல பாரு. துளி சாம்பல் இல்ல. எருமத் தோலாட்டம் கருப்பு. நடுவால இருக்கற வெளிச்சத்தக்கூட அடக்கிப் போட்டிருக்கறேன், சாந்தமா. கையி ரெண்டும் என்ன சுத்துச் சுத்திட்டுப் போவுது! கத்துக்க. இதுக்குப் பேருதான் பிரிண்டு.

— ஆமாங்க.

— இதுதான் வாசல்ல மொத மொத நிக்கோணும். பெருசா பிரேம் போட்டு.

— அழகிரியண்ணா! உள்ள வரலாங்களாங்ணா?

— வாடா சென்னியப்பா. உன்னத்தான் பேசிட்டு இருந்தோம். இரு வாரேன்... ஆ! இந்த முக்காலிய யாரு நடையில போட்டது?

— அது எப்பவும் அங்கயேதானுங்க இருக்குது.

— பாத்துங்ணா. அடி பட்டுருச்சுங்களா? அக்கா, நல்லாருக்கீங்களா?

— இருக்கறனுங் தம்பி. காப்பி வெக்கட்டுங்களா?

— வேண்டாங்கக்கா, ஸ்கூட்டர ரோட்டுலயே உட்டுட்டு வந்திருக்கேன். பிரேம்காரன் ஆறு மணிக்குக் கடையச் சாத்திருவான்.

— காப்பி கெடக்கட்டும். இதப் பாருடா. நாளைக்கு மெட்ராஸ்காரனுக வாயப் பொளப்பானுக.

— குடுங்ணா... இதுங்களாங்ணா?

— பின்ன எது?

— இல்ல... சரிங்ணா.

— என்னடா சரிங்ணா? எப்படி இருக்குதுன்னு சொல்லு.

— நல்லா... கருப்பா இருக்குதுங்ணா.

— சங்கத்துச் செயலாளர் சொல்ற சொல்லப் பாரு, கருப்பா இருக்குதாம். வெளிய இருக்கற கையப் பாத்தியா?

— எந்தப் பக்கங்ணா?

— எந்தப் பக்கமா? நடுவால இருந்து இப்படிக் கெளம்பி மேல போவுதுல்ல? நடுவால பாரு, நல்லாப் பாரு. வெளிச்சம் எத்தன பதமா நிக்குது!

— அண்ணா, அது டியூப்லைட்டுங்ணா.

— என்னது?

— பேப்பர் பளபளன்னு இருக்குதுங்களா, அதுல மேல இருக்கற டியூப்லைட் மின்னுது. கொஞ்சம் சாச்சுப் புடிங்ணா. பாருங்க, அந்த வெளிச்சமும் நகுந்து போவுது.

— வெளையாடாத சென்னியப்பா.

— உங்ககிட்ட நான் என்னைக்குங்ணா வெளையாடியிருக்கேன்? இதுல கேலக்ஸி இல்லீங்க. ஒரு நட்சத்திரங்கூட இல்லீங்க.

— பாலிடெக்னிக்ல நாலு தடவ கோட்டடிச்சவன் எனக்குப் படத்தச் சொல்லிக் குடுக்கறயா? என்ற டெலஸ்கோப்ப வெச்சுத்தான்டா உனக்குச் சங்கத்துல பதவி. என்ற தோட்டத்துல வந்து என்ற சோத்தத் தின்னுட்டு...

— திட்டுங்ணா, எவ்வளவு வேணாலும் வைங்க. ஒருக்கா வாசலுக்கு வாங்க. வெயில்ல புடிச்சுப் பாத்துட்டுப் பொறவு வைங்க.

— உடு கைய. எனக்கு நடக்கத் தெரியும்.

— படி இருக்குதுங்ணா. ஆங். இப்பப் பாருங்க. இது ஓரம், இது நடு, இது அந்த ஓரம். எங்கயாச்சும் ஒரு பொட்டு வெள்ள இருக்குதுங்களா?

— மயிலா! இங்க வா. இதென்ன?

— கருப்புப் பேப்பருங்க.

— நேத்து நான் போட்டதுன்னு சொன்ன.

— நான்தானுங்க போட்டேன். நெகட்டிவே வெக்கல. பேப்பர ஜன்னல் வெளிச்சத்துல காட்டி மருந்துல முக்கி எடுத்தேன்.

— எதுக்குங்கக்கா இப்படி? அண்ணனோட வெளையாட்டா பண்ணுனீங்களா?

— வெளையாட்டு இல்லைங் தம்பி. எம்புட்டுத் தெரியுதுன்னு பாக்கலாம்னு தோணுச்சு.

— அக்கா... அண்ணனுக்குக் கண்ணு...

— ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டுப் பண்றீங்களாடா? எனக்குக் கண்ணு தெரியலைங்கறீங்களா? உன்ற சட்டை நீலம். அது தெரியுது. ரோட்டுல உன்ற ஸ்கூட்டர் நிக்குது. அது தெரியுது!

— பச்சச் சட்டைங்ணா.

— தம்பி, நீங்க கெளம்புங்க. பிரேம்காரன் கடையச் சாத்திருவான்.

— எந்தப் படத்தக்கா கொண்டு போறது? நோட்டீஸ்ல அண்ணன் பேரு அடிச்சாச்சுங்களே.

— பீரோவுல பெரிய கவர் ஒண்ணு இருக்குது. அதுல பத்துப் படம் இருக்குது. எல்லாம் ரெண்டாம் நம்பர் பேப்பர்ல நான் போட்டது. அதையே கொண்டு போங்க. நோட்டீஸ்ல எந்தப் பேரு இருந்தாலும் பரவால்ல.

— அண்ணா, எடுத்துக்கட்டுங்களா?

— அண்ணன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு. நீங்க எடுத்துக்கங்க.

— சரிங்கக்கா. அண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க. நாளைக்குக் கண்காட்சி முடிஞ்சதும் நானே கார் கொண்டாரேன், கண்ணாசுபத்திரிக்குப் போலாம். வாரேனுங்கக்கா.

— மயிலா.

— சொல்லுங்க.

— அவன் போயிட்டானா?

— போயிட்டாருங்க.

— இங்க வந்து உக்காரு. கையக் குடு. எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியுது. நேர இருக்கறது தெரியுது. ஓரத்துலதான்... உன்னப் பாத்தா உன்ற மொகம் தெரியுது, தோள் தெரியல. பொகையாட்டம். அது படத்துல இருக்கற சாம்பல்னே நெனச்சுப்போட்டேன். மருந்து சரியில்ல, பேப்பர் சரியில்லன்னு உன்னத் திட்டிட்டே இருந்தேன்.

— ஆமாங்க.

— வயசானா வர்றதா இருக்கும். என்ன சொல்ற? கண்ணாடி மாத்துனாச் சரியாப் போயிரும்.

— தெரியலைங்க.

— ஒரு நாள்கூட வலிச்சதில்ல கண்ணு. தண்ணி வந்ததில்ல, செவந்ததில்ல. ஒருக்கா வலிச்சிருந்தாக்கூட அன்னைக்கே ஓடியிருப்பனே.

— இது வலிக்காதுங்களாமா.

— வலிக்காதுங்களாமாவா? யாரு சொன்னது?

— டாக்டருங்க.

— எந்த டாக்டரு?

— போன வருசம் மாசியில உங்க கண்ணாடிக்குப் பவர் பாக்கப் போனமில்லைங்க. பட்டறையில லோடு ஏத்தோணும், மிச்சத்த நீயே கேட்டுட்டு வான்னு பாதியில கெளம்பிட்டீங்க. பொறவு என்னக் கூப்புட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்குதாம். தெனமும் சொட்டு மருந்து உட்டா இருக்கற பார்வ அப்படியே நிக்குமாம். உடலைன்னா ஓரத்துல இருந்து மூடிட்டு வருமாம். போனது திரும்பாதாம்.

— எங்கிட்டச் சொல்லலையே.

— அன்னைக்கே சொல்லத்தானுங்க வந்தேன். கையில மருந்துச் சீசாவோட. சங்கத்து ஆளுக எல்லாம் கூடத்துல உக்காந்திருந்தாங்க. நான் மொத மொத போட்ட பிரிண்டு மேல வெங்காய பஜ்ஜியக் கொட்டி, ஒவ்வொருத்தருக்கா நீட்டிட்டு இருந்தீங்க. எண்ணெய் ஊறுனதுக்கு அப்பறந்தான் இதுல கேலக்ஸி தெரியுதுன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உள்ள போயிட்டேன்.

— நாளைக்கா? அந்த நாளைக்கு வந்து ஒரு வருசம் தாண்டிப் போச்சே மயிலா! என்ற கண்ணுடி அது! ஒரு வருசமா என்ன பண்ணிட்டு இருந்த?

— மாசா மாசம் நீங்க படம் போட்டுட்டு வந்து காட்டுவீங்க. ஒண்ணவிட ஒண்ணு கருத்துட்டே வந்துச்சு. எனக்கு அதப் பாக்கறதுக்குப் புடிச்சுப்போச்சுங்க.