பெரட்டுக்குப் போகும் நாய்

தெஹியோவிட்டயில் ஏறிய இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குத் தன் வீட்டு நாய் தினமும் போகிறது என்றாள் இளையவள்.

“அதுக்கும் பேரு போடுறாங்களா?” மூத்தவள் சிரித்தாள்.

“வீட்டுக்காரரு படுக்கையில விழுந்தும் அது நிப்பாட்டலக்கா. பெரட்டு முடிஞ்சா அவரு பால் வெட்டுன மரத்தடியில போய் படுத்துக்கும். பால் நிறுக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துரும். அவரு அதுகிட்டத்தான் மலைக் கதையெல்லாம் கேப்பாரு. எங்கிட்ட பேச்சே இல்ல.”

“இன்னைக்கும் போயிருச்சா?”

“மலையில பன்னிக்குச் சுருக்கு வச்சிருக்காங்க. பயந்து கட்டிப்போட்டேன். ‘அவுத்து விடு புள்ள, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனாவது போகட்டும்’னாரு.”

“விட்டியா?”

“எத்தனையோ நாளைக்கு அப்புறம் எங்கிட்ட பேசுனாருக்கா. விட்டுட்டேன்.”